மனச்சோர்வு மாத்திரையோடு மூலிகை மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேட்டிருப்பது இதுதான்: அம்மாவுக்கு வயது 54. மனச்சோர்வுக்காக எட்டு மாதமாக எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார், இரவில் கிளோனசெபம் அரை மாத்திரை, காலையில் தைராய்டுக்குத் தைராக்ஸின். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மூலிகை கேப்ஸ்யூல் ஒரு டப்பா கொடுத்திருக்கிறார், அத்தை அமுக்கரா சூரணம் வாங்கி வைத்திருக்கிறார். மூலிகைதானே, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும், அப்புறம் மாத்திரையை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. சேர்க்கலாமா?

முதலில் அவசரமானது. அந்த அமெரிக்க கேப்ஸ்யூலை அம்மா தொடவே வேண்டாம். ஏற்கனவே ஆரம்பித்திருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். அதைச் சாப்பிட்ட பிறகு கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு என்று ஏதாவது வந்திருந்தால், நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. எஸ்சிடாலோபிராமைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அமுக்கராவையும் டாக்டரிடம் கேட்கும்வரை அலமாரியிலேயே வையுங்கள். ஏன் என்பதை இனி விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். எனக்குச் சித்த மருத்துவத்தின் மேல் பகை எதுவும் கிடையாது, எங்கள் வீட்டிலும் காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்கள். ஆனால் 'மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை' என்ற வாசகத்தை நான் ஏற்பதில்லை, எந்த நல்ல சித்த மருத்துவரும் ஏற்கமாட்டார். மருந்து சாப்பிடும்போது பத்தியம் சொல்வதே எதற்காக? ஒரு பொருள் இன்னொரு பொருளின் வேலையைக் கெடுக்கும் அல்லது கூட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததால்தானே.

இப்போது அந்த கேப்ஸ்யூல். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பது ஐரோப்பாவில் வளரும், மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சிறு செடி. ஜெர்மனியில் மனச்சோர்வுக்கு டாக்டர்களே எழுதிக் கொடுக்கும் மருந்து அது. அதில் சத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் வந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 29 ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வுக்கு அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட நன்றாகவும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழச் சமமாகவும் வேலை செய்கிறது என்பதுதான் முடிவு (ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்றும் அதிலேயே குறித்திருக்கிறார்கள்). உங்கள் வீட்டில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான். அது உண்மையிலேயே மனச்சோர்வு மருந்து, அம்மா ஏற்கனவே ஒரு மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறார். டாக்டருக்குத் தெரியாமல் இரண்டாவது ஒன்றைச் சேர்க்கிறீர்கள்.

சேர்ந்தால் என்ன ஆகும்? மூளையில் ஒரு நரம்பு செரோட்டோனின் என்ற ரசாயனத்தை வெளியே விட்டு, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் எல்லாம் அந்தத் திரும்ப இழுக்கும் வாசலை அடைக்கும் மருந்துகள். இந்தச் செடியில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருளும் அந்த இழுப்பைக் குறைக்கிறது, வேறு வழியில். இரண்டும் சேரும்போது சிலருக்குச் செரோட்டோனின் அளவு மீறிப் போய்விடும். இதைத்தான் செரோட்டோனின் சிண்ட்ரோம் என்கிறோம். லேசாக இருந்தால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. முற்றினால் கால் தசை வெட்டி வெட்டி இழுக்கும், உடம்பு விறைக்கும், காய்ச்சல் ஏறும், நினைவு தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் மருந்து சேர்ந்த அல்லது அளவு கூடிய 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியும் இல்லை. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளோடு இதைச் சாப்பிட்ட வயதானவர்களுக்கு இப்படி வந்ததை 1999-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பெரிய கவலை, நம் ஊரில் இதை அடையாளம் காணாமல் விடுவது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நடுக்கம் என்று ஒருவர் போனால் வைரஸ் காய்ச்சல், இல்லையென்றால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் தோன்றும். உடம்புவலி என்று சொன்னால் ட்ரமடால் என்ற வலி ஊசி போட்டுவிடக்கூடும், அது செரோட்டோனினை இன்னும் ஏற்றும். வீட்டில் மூலிகை சாப்பிட்டதை யாரும் சொல்லவில்லை என்றால் மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்தச் செடிக்கு இன்னொரு முகம் உண்டு. நாம் சாப்பிடும் மருந்துகளில் பெரும்பகுதியை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள சில நொதிகள். ஹைப்பர்ஃபோரின் அந்த நொதிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்யத் தூண்டிவிடும், அதனால் மற்ற மருந்துகள் ரத்தத்தில் தங்காமல் சீக்கிரம் கரைந்து போகும். 2000-ல் சூரிக் நகரில், இதய மாற்று அறுவை செய்துகொண்ட இரண்டு பேர் இந்த மூலிகையைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். புது இதயத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் அவர்கள் ரத்தத்தில் இறங்கிப்போய், உடம்பு அந்த இதயத்தை எதிர்க்க ஆரம்பித்துவிட்டது. அதே வருடம் எச்ஐவிக்குக் கொடுக்கும் இண்டினவிர் இந்த மூலிகையால் ரத்தத்தில் 57 சதவீதம் குறைந்துபோவதை அமெரிக்காவில் காட்டினார்கள், அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் பிப்ரவரி மாதம் எச்சரிக்கை விட்டது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இடையில் உதிரப்போக்கு, எதிர்பாராத கர்ப்பம் இவையும் பதிவாகியிருக்கின்றன. உங்கள் அம்மா இரவில் போடும் கிளோனசெபமும் இதே நொதி வழியாகப் போவதுதான். அது சீக்கிரம் கரைந்தால் தூக்கம் கெடும், பதற்றம் கூடும், வீட்டில் நோய் முற்றிவிட்டது என்று நினைப்பீர்கள். மூலிகையை நிறுத்தினாலும் நொதிகள் பழைய நிலைக்கு வர 2 வாரம் வரை ஆகும்.

சரி, அமுக்கராவுக்கு வருவோம். அஸ்வகந்தா என்று கடையில் கேட்டால் கொடுப்பதும் இதுதான். இதைச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது, எஸ்சிடாலோபிராமோடு அந்த அளவுக்கு நேரடியான மோதல் இதற்குத் தெரியவில்லை. பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அம்மாவுக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது. முதலாவது தூக்கம். அமுக்கரா மந்தம் தரக்கூடியது, கிளோனசெபமும் சேர்ந்தால் காலையில் தள்ளாட்டம் இருக்கும், இரவில் கழிவறைக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது மனச்சோர்வைவிடப் பெரிய துயரம். இரண்டாவது தைராய்டு. அமுக்கரா தைராய்டு ஹார்மோனைச் சிலருக்குக் கூட்டுகிறது. ஏற்கனவே தைராக்ஸின் சாப்பிடுகிறவருக்கு அது மிகுந்துபோனால் நெஞ்சு படபடப்பு, எடை குறைவு, தூக்கமின்மை, எரிச்சல் வரும். இதெல்லாம் மனப்பதற்றத்தின் அறிகுறி போலவே இருப்பதால், மனநல மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிட வாய்ப்பிருக்கிறது. மூன்றாவது ஈரல். அமுக்கரா சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்த 5 பேரைப் பற்றி 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள், பிறகு இந்தியாவிலிருந்தும் இப்படிப் பதிவுகள் வந்தன. அரிதுதான். ஆனாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் கரும் மஞ்சளாகப் போவது, உடம்பு அரிப்பது தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எப்படியும் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைத்தால் தைராய்டு பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் எடுத்துப் பார்த்து, டாக்டருக்குத் தெரிந்தே கொடுங்கள்.

இதைவிட எனக்குப் பயமான மூலிகை ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். சர்ப்பகந்தா. தூக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் என்று விற்கும் ஆயுர்வேத மாத்திரைகளில் இது இருக்கும். இதன் வரலாறே நம் நாட்டு மருத்துவத்தின் பெருமைகளில் ஒன்று: 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இதை ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் பயன்படுத்தி எழுதினார்கள், 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதியபிறகு உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது, 1952-ல் இதிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் ரிசர்பின் செய்வது என்ன? நரம்பு முனையில் சேமித்து வைத்திருக்கும் செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் எல்லாவற்றையும் காலி செய்துவிடும். ரத்தக் கொதிப்புக்காக இதைச் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்குள் போனதை 1950-களில் மருத்துவர்கள் கவனித்தார்கள், மனச்சோர்வுக்கும் இந்த ரசாயனங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற அதுவும் ஒரு காரணம். மனச்சோர்வு உள்ளவருக்கு இந்த மருந்து கூடாது என்பதுதான் மருந்தியல் பாடம். தூக்கம் வரவில்லை என்று மனச்சோர்வு நோயாளி ஒருவர் கடையில் கேட்டு வாங்கும் மூலிகை மாத்திரையில் இது இருந்தால், ஒரு கையால் கட்டியதை இன்னொரு கையால் இடிப்பதுதான். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும், தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று சொல்கிறேன். எஸ்சிடாலோபிராமும் அதன் உறவான சிட்டலோபிராமும் இதயத்தின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அதனால்தான் சிட்டலோபிராமை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 2011-ல் கட்டுப்பாடு வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து கூடும். பொட்டாசியத்தைக் குறைப்பவை எவை தெரியுமா? வறட்டு இருமலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் மாதக்கணக்கில் சாப்பிடும் அதிமதுரம், அது ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அப்புறம் பேதி மருந்து. வருடத்துக்கு இரண்டு முறை குடல் சுத்தம் என்று கடும் பேதிக்கு எடுப்பார்கள், மலச்சிக்கலுக்குத் தினமும் நிலாவரைப் பொடி சாப்பிடுகிறவர்களும் உண்டு. எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகளால் வயதானவர்களுக்குச் சோடியம் குறையக்கூடும், பேதியும் சேர்ந்தால் மயக்கம், குழப்பம் வரை போகும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் பேதிக்கோ, சிறுநீரைப் பெருக்கும் நெருஞ்சில் கஷாயத்துக்கோ போகவே கூடாது என்பேன், உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் தேங்கி விஷமாகிவிடும்.

மிளகும் திப்பிலியும் பற்றி அடிக்கடி கேட்பார்கள். அவற்றில் உள்ள பைப்பரின் குடலிலும் ஈரலிலும் மருந்தை உடைக்கும் நொதிகளைத் தடுக்கும், அதாவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு நேர்மாறான வேலை. 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் 2000 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்தது. நம் மருத்துவத்தில் எத்தனையோ மருந்துகளில் திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலி) சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பைப்பரின் சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூலைத் தினமும் விழுங்கும்போதுதான் யோசிக்க வேண்டும். சமையலில் சேர்க்கும் பூண்டு, இஞ்சி, மஞ்சளும் அப்படித்தான், அவை கேப்ஸ்யூலாகச் செறிவாக வரும்போது, ஜின்கோ என்ற மூலிகையும் சேரும்போது, ரத்தம் உறைவது தாமதமாகக்கூடும். ரத்தத் தட்டணுக்களுக்கும் செரோட்டோனின் தேவை, அதை எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் குறைத்துவிடுவதால் ஏற்கனவே ரத்தக்கசிவுக்கு ஒரு சாய்வு இருக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ புரூஃபனோ சாப்பிடுகிறவர் என்றால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து இன்னும் கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் தாமதிக்காதீர்கள். பல் பிடுங்குவதற்கு முன்பும், எந்த அறுவைக்கு முன்பும் மாத்திரையையும் மூலிகையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஆண்கள் வாய்திறந்து சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த மனச்சோர்வு மாத்திரைகளால் பலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், விந்து வெளியாவது தாமதமாகும். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நேரே 'ஆண்மைக்கு' என்று விற்கும் லேகியத்துக்குப் போவார்கள். பூனைக்காலி விதையில் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா இருக்கிறது, யோகிம்பின் என்ற மரப்பட்டைச் சத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதுபோன்ற தயாரிப்புகளில் வயாகராவில் உள்ள சில்டெனாஃபிலை அரைத்துக் கலந்து விற்றுப் பிடிபட்டதும் பல முறை நடந்திருக்கிறது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தோ அளவைக் குறைத்தோ டாக்டரே இதைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் கேட்கும் புகார் இது.

தரம் என்பது தனிக் கவலை. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது ஒன்று இருந்ததாக 2004-ல் ஒரு ஆய்வு வந்தது, இணையத்தில் வாங்கிய 193 பொருட்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அப்படித்தான் என்று 2008-ல் இன்னொன்று. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வருவது சோர்வு, எரிச்சல், தூக்கக்கேடு, பசியின்மை. மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். பெயரில்லாத பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உரிம எண்ணும் சேர்மானமும் அச்சிட்ட டப்பா மட்டும்.

இத்தனை சொன்னாலும், நான் கவுண்டரில் நின்று அதிகம் பார்த்த விபத்து மருந்து மோதல் அல்ல. மூலிகை ஆரம்பித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவது. எனக்குத் தெரிந்த ஒருவர் பராக்ஸெடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், யாரோ சொன்ன லேகியம் வந்ததும் மாத்திரையை ஒரே நாளில் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, குமட்டல், காரணமில்லாத அழுகை. வீட்டில் 'லேகியம் சூடு' என்று மோர் கொடுத்தார்கள். உண்மையில் அது மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தது. அதைத் தாண்டினாலும் ஓரிரு மாதத்தில் பழைய மனச்சோர்வே திரும்பி வந்துவிட வாய்ப்பு அதிகம், சில நேரம் சாகவேண்டும் என்ற எண்ணத்தோடு. மாத்திரையை நிறுத்துவது தப்பில்லை, நிறுத்தும் காலம் வரும், ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறக்க வேண்டும்.

அம்மா மூலிகையைத்தான் விரும்புகிறார் என்றால் அதற்கும் மதிப்புக் கொடுங்கள், திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்து வைத்துச் சாப்பிடுவார், அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனம் இருக்கிறது. ஆங்கில மாத்திரைகளின் சீட்டை அவரிடம் காட்டுங்கள், அவர் எழுதியதை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல மருத்துவர் கோபப்படுவார் என்று பலர் பயப்படுகிறார்கள். சிலர் கோபப்படவும் செய்கிறார்கள், அது அவர்கள் தவறு, என் துறையிலும் அந்தத் தவறு உண்டு. நீங்கள் அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். இரவில் அவசரமாக மனநலம் பற்றிப் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். மருந்தால் ஏதாவது பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற எண்ணில் நாமே புகார் பதியலாம், மூலிகை சேர்ந்திருந்தால் அதையும் சொல்லிப் பதியுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்: மாத்திரை அட்டைகள், அந்த கேப்ஸ்யூல் டப்பா, அமுக்கரா, இருமல் மருந்து, வைட்டமின், பேதிப் பொடி. கேப்ஸ்யூலை ஒரு நாளாவது சாப்பிட்டிருந்தால் எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் நிறுத்தினார் என்று ஒரு தாளில் எழுதி, அதையும் அந்தப் பையிலேயே வையுங்கள், நொதிகள் பழைய நிலைக்கு வரும் அந்த 2 வாரக் கணக்குக்கு டாக்டருக்கு அது தேவைப்படும்.